கடைசித் தாளில் எட்டுக் கையெழுத்து

எங்கள் சபையின் திருநூலுக்குத் தொள்ளாயிரம் வயது என்று நாங்கள் சொல்வோம். இருநூறுகூட இருக்காது என்று ஓர் ஆராய்ச்சிக்காரர் கட்டுரை எழுதிவிட்டார். அதைப் படித்த நாளிலிருந்து என் அண்ணன் நிலைகொள்ளாமல் திரிந்தான். அவன்தான் இப்போது நூற்காவலர், அதாவது நூலின் மூலப் பிரதியைப் பூட்டி வைத்திருப்பவன். அப்பா போன பிறகு பதினாறு வருடமாகச் சாவி அவன் இடுப்பில்தான் தொங்குகிறது.

சபையில் மற்றவர்கள் வைத்திருப்பதெல்லாம் அச்சுப் பிரதி. மூலத்தைக் காவலர் தவிர யாரும் பார்க்கக் கூடாது. அதைச் சுற்றியிருக்கும் துணியைத் தொட்டாலே குற்றம். அப்படிப்பட்டதை அண்ணன் ஒரு திங்கட்கிழமை காலை, கைப்பெட்டியில் வைத்து நான் வேலை பார்க்கும் ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுவந்தான். முழுதாகப் படம் எடுத்து, தாளையும் மையையும் சோதிக்கக் கொடுத்து, ஆராய்ச்சிக்காரரின் வாயை அடைக்க வேண்டுமாம். அதற்கு இரண்டு நிபந்தனை போட்டான். அவன் தங்கையான நான் மட்டும்தான் படம் எடுக்க வேண்டும். கடைசித் தாளை எடுக்கக் கூடாது.

“கடைசித் தாள்ல அப்படி என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல. காவலருங்க கையெழுத்து. வெளியாளுக்கு அது எதுக்கு?”

“இங்க வெத்துத் தாளக்கூட விட மாட்டோம்ணா. இந்த அட்டையிலேர்ந்து அந்த அட்டை வரைக்கும் எடுத்தாகணும்.”

“அதெல்லாம் ஊருக்கு. நீ என் தங்கச்சிதானே?”

இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டே என் பாதி ஆயுளை வாங்கிக்கொண்ட குடும்பம் இது. கைப்பெட்டியை வாங்கிக்கொண்டேன். எனக்கு வாய் நீளம் என்று காப்பகத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டாரிடம் மட்டும் அது எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது.

படமெடுக்கும் அறைக்குச் சன்னல் கிடையாது. நான்கு சுவருக்கும் கறுப்புத் துணி. நடுவில் ஒரு மேசை, அதன்மேல் புத்தகத்தின் முதுகு நோகாமல் பாதி திறந்து வைக்க ஒரு மரத் தாங்கி, மேலே கேமரா, இரு பக்கமும் விளக்கு. பக்கத்தைப் புரட்டு, கண்ணாடியை இறக்கு, பித்தானை அழுத்து, கண்ணாடியை ஏற்று. இருபத்தேழு வருடமாக இதுதான் என் பிழைப்பு. அண்ணன் மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு காவல் உட்கார்ந்தான்.

ஏன் என்னைக் கேட்டான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மூலம் பழைய எழுத்தில் இருக்கிறது. சபையில் அந்த எழுத்தை ஆண் பிள்ளைகளுக்குத்தான் சொல்லித் தருவார்கள். தங்கைக்குப் படிக்கத் தெரியாது, படம் மட்டும் எடுப்பாள் என்று கணக்குப் போட்டிருக்கிறான். நாள் முழுக்கப் பழைய எழுத்தையே முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு வேலை செய்கிறவள் அதைக் கற்றுக்கொள்ளாமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா? அவன் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

மூன்றாவது நாள் பத்தொன்பதாம் அதிகாரம் வந்தது. என் கை தானாக மெதுவானது. அந்த அதிகாரத்தின் முப்பத்தொன்றாம் வசனம்தான் என்னைக் கன்னியாகவே நிறுத்தி வைத்தது.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. காப்பகத்து லிஃப்டைப் பழுதுபார்க்க ஒருவர் வந்தார். சரியாகிவிட்டது, தைரியமாக ஏறுங்கள் என்றார். ஏறினேன். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் அவரோடேயே முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டேன். நான் திட்டிய திட்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டு, “இவ்வளவு பேசறீங்களே, மூச்சு முட்டலையா?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு மாதம் கழித்து அவர் எங்கள் வீட்டுக்கே பெண் கேட்டு வந்தார். சபைக்காரர் இல்லை. அப்பா மரியாதையாக உட்கார வைத்து, மரியாதையாக அனுப்பிவிட்டார். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு அச்சுப் பிரதியைத் திறந்து, வரிக்கு அடியில் விரல் வைத்துப் படித்தார். “சபைக்கு வெளியே கைப்பிடித்தவளுக்குப் பெற்றவர் வாசல் இனி இல்லை, அவள் பெயரை வீட்டில் சொல்லாதிருங்கள்.”

“இது மூலத்துலயே இருக்காப்பா?” என்று கேட்டேன். அப்பா எதற்கும் பொய் சொல்லாத மனிதர் என்பது ஊரறிந்த விஷயம். “இருக்கும்மா” என்றார். அதோடு முடிந்தது. கடவுள் சொல்லிவிட்ட பிறகு யாரிடம் போய் வாதாடுவது? லிஃப்ட்காரர் ஒரு வருடம் காத்திருந்துவிட்டு வேறு ஊருக்குப் போனார்.

இப்போது அந்தப் பக்கம் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. முப்பதாம் வசனம் படித்தேன். அடுத்தது அச்சில் நாங்கள் முப்பத்திரண்டு என்று படிக்கும் வசனம். நடுவில் ஒன்றுமில்லை. ஒரே வரியில், அடுத்தடுத்த சொல்லாக ஓடிக்கொண்டிருந்தது. சுரண்டிய தடம் இல்லை, தாள் எதுவும் விட்டுப்போகவில்லை. விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். ஓரத்திலும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

எழுதியவர் கைதவறி விட்டிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பாவைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. பிரதி எடுப்பவர் ஒரு வசனத்தைத் தாண்டிப் போவது என் தொழிலில் அன்றாடம் பார்ப்பதுதான். அண்ணன் ஃபோன் பேச வெளியே போன நேரத்தில் கடைசித் தாளைத் திருப்பினேன்.

எட்டுக் கையெழுத்து இருந்தது. காவலராகப் பொறுப்பேற்பவர் முதல் நாள் தனி அறையில் உட்கார்ந்து மூலத்தைத் தொட்டு வசனங்களை எண்ண வேண்டும் என்று ஒரு முறை உண்டு. எத்தனை என்று யாருக்கும் சொல்லக் கூடாது. எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது எங்கே எழுதப்படுகிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எட்டுப் பேரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: “எண்ணினேன். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.” அச்சில் இருப்பதோ ஆயிரத்து நானூற்றுப் பதின்மூன்று. சபையில் பேச்சு வராத குழந்தைதான் அதைச் சொல்லாது.

ஏழாவது கையெழுத்து அப்பாவுடையது. தேதியைப் பார்த்தேன். லிஃப்ட்காரர் வீட்டுக்கு வருவதற்கு நான்கு வருடம் முந்தியது. எட்டாவது அண்ணனுடையது.

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அண்ணன் கதவைத் திறந்து உள்ளே வந்ததும், கடைசித் தாள் திறந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டான்.

“அத ஏன் திருப்புன?”

“ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு” என்றேன். “ஒண்ணு எங்கண்ணா?”

“உனக்கு… உனக்கு இது படிக்கத் தெரியுமா?”

“எனக்கு என்னென்ன தெரியும்னு நீ எப்பக் கேட்ட? முப்பத்தொண்ணு எங்க?”

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். “நம்ம தாத்தாவோட தாத்தா காலத்துல, முதமுதல்ல அச்சடிக்கும்போது சேத்திருக்காங்க. பொண்ணுங்க வெளிய போக ஆரம்பிச்சதால. நல்ல எண்ணத்துலதான் பண்ணியிருக்காங்க.”

“அப்ப இதுதான் மூலம்னா அந்த வசனம் பொய். அந்த வசனம் நிஜம்னா இது மூலமே இல்ல. நீ ஆராய்ச்சிக்காரர்கிட்ட எதக் காட்டப் போற?”

“அதுக்குத்தான் உன்ன எடுக்கச் சொன்னேன். அந்த ஒரு பக்கமும் கடைசித் தாளும் மங்கலா வந்துடுச்சுன்னு சொல்லிடு. ரெண்டு படம்தானே?”

“பதினாறு வருஷத்துக்கு முன்னாடி நீ எண்ணியிருக்க. அப்பவே ஏன் சொல்லல? எனக்கு அப்ப முப்பத்தஞ்சுதான்ணா. கிழவியாகிடல.”

“சொல்லி என்ன ஆகப் போகுது? அந்த ஆளுக்குக் கல்யாணமாகி ரெண்டு புள்ள இருந்துச்சு.”

“அத நான் முடிவு பண்ணியிருப்பேன். வேற ஒருத்தர் வந்திருப்பார். யாருமே வராம போயிருக்கலாம். அதையும் நான் பாத்துக்கிட்டிருப்பேன்!”

நான் கத்தியது வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று விட்டேன். தாளைச் சரியாக வைத்து, கண்ணாடியை இறக்கப் போனேன். அண்ணன் எழுந்து வந்து அதன்மேல் கை வைத்தான்.

“வேணாம். அப்பா பேரு நாறிடும்.”

“நாறட்டும். எம் மூஞ்சிக்கு நேரா இருக்குன்னு சொன்ன மனுஷன்.”

“அப்பாவ மட்டும் திட்டாத” என்றான். “அவர் உன்கிட்ட உண்மையச் சொல்லிடறதாதான் இருந்தார். அந்த ஆள் வந்துட்டுப் போன அன்னைக்கு, காவல் போனாலும் பரவாயில்ல, சொல்லிடறேன்னார். நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன். என் காதால கேட்டேன். அம்மாதான் வேணாம்னாங்க.”

“அம்மாவா?”

“‘சொன்னா அவ போயிடுவா. நாளைக்கு நான் விழுந்தா மருமகளா பாப்பா?’ன்னாங்க.”

அம்மாவுக்கு அன்றைக்கு நாற்பத்தெட்டு வயது. இன்றைய என்னைவிட மூன்று வயது இளையவள். தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை. அவள் படுக்கையில் விழுந்தது அதற்குப் பதினோரு வருடம் கழித்துத்தான். விழுந்த பிறகு மேலும் பதினோரு வருடம், கண்மூடும் வரை, குளிப்பாட்டியதும் ஊட்டியதும் துடைத்ததும் நான்.

அண்ணனின் கையை எடுத்து அப்பால் வைத்தேன். அவன் தடுக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, எட்டுக் கையெழுத்தும் தெளிவாகத் தெரிகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுப் பித்தானை அழுத்தினேன். மங்கலாக வரவில்லை.

அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைத் திட்ட என்னிடம் வார்த்தை தீர்ந்துபோயிருந்தது. திட்ட வேண்டியவள் செத்து நான்கு வருடமாகிறது. கடைசி வருடங்களில், தலை வாரிவிடும்போதெல்லாம் அவள் ஒன்றையே கேட்பாள்: “உனக்குன்னு ஒரு வாழ்க்கை இல்லாம போயிடுச்சே, என் மேல கோவமா?” நானும் ஒவ்வொரு முறையும், “உன் மேல எதுக்கும்மா கோவம்? கடவுள் எழுதி வச்சத நீயா மாத்த முடியும்?” என்பேன்.

“ஆமாடி, நம்ம கையில என்ன இருக்கு?” என்பாள் அம்மா.