வெயிலில் கிடந்த தண்ணீர்

வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் காலை, பழைய சாமான் கடைக்காரி தன் கடையின் சாய்ந்துபோன தகரக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, நர்ஸம்மா முழங்கால்வரை சேறோடு வந்து நின்றாள்.

"அக்கா, நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டில் எவ்வளவு தேறும்?"

"ஆயிரத்துக்கு மேலயே கிடக்கு. ஊரே முழுகிக் கிடக்கு, உங்களுக்கு எதுக்கு நர்ஸம்மா காலி பாட்டில்?"

கடை மேட்டில் இருந்ததால் கொல்லையில் குவிந்திருந்த பாட்டில் மூட்டைகளைத் தண்ணீர் தொடவில்லை. அந்த மூட்டைகளால்தான் அவளுக்கும் பக்கத்து வீட்டு மூத்த ஓரகத்திக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. குப்பைமேட்டில் குடித்தனம் நடத்துகிறவள் என்று மூத்தவள் ஜாடை பேசுவாள். இவள் வேண்டுமென்றே அவள் தூங்கும் நேரம் பார்த்துப் பாட்டில்களை மிதித்து நசுக்குவாள்.

நர்ஸம்மா படியில் உட்கார்ந்து விவரம் சொன்னாள். பாலம் போய்விட்டது. தண்ணீர் லாரி வர ஒரு வாரமாவது ஆகும். கிணற்றில் சாக்கடை கலந்திருக்கிறது. குளோரின் மாத்திரை தீர்ந்துவிட்டது. கொதிக்கவைக்கலாம் என்றால் விறகெல்லாம் ஊறிப்போய்க் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் குழந்தைகளில் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு.

"தண்ணிய வடிகட்டி, பாட்டில்ல அடைச்சு, தகரத்து மேல படுக்கப் போடணும். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நல்ல வெயில் பட்டா கிருமி செத்துடும்."

கடைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குளம் குட்டையெல்லாம் காலம்பூரா வெயில்லதானே கிடக்கு? அது ஏன் சுத்தமாகல?"

"குளம் ஆழம், கலங்கல் வேற. வெயில் அடிவரைக்கும் இறங்காது. இது உங்க கையகலம்தான். மூடியும் இருக்கு, புதுசா அழுக்கு சேராது."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் அந்த மூன்று குழந்தைகளை நினைத்து மூட்டையை அவிழ்த்தாள். எண்ணெய், பூச்சிமருந்து, ஆசிட் இருந்த பாட்டில்களை மூக்கருகே கொண்டுபோன மாத்திரத்தில் ஒதுக்கினாள். கீறல் விழுந்தது, மங்கியது எல்லாம் தனியே போயின. பதினெட்டு வருஷத் தொழில். கை தானாகவே ஓடியது.

சுவருக்கு அந்தப்பக்கமிருந்து மூத்தவளின் தலை எட்டிப் பார்த்தது.

"ஏண்டி, லேபிள் கிழிக்க ஆள் வேணுமா?"

"வேணும்க்கா."

அவ்வளவுதான் பேச்சு. மூத்தவள் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

பாட்டில்களைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். கிணற்றுத் தண்ணீரைத் தெளியவிட்டு, நாலாக மடித்த பருத்தித் துணியில் வடித்தார்கள். நிரப்பிய பாட்டிலைச் செய்தித்தாளின் மேல் நிறுத்தி, வாய்வழியாகப் பார்த்தால் எழுத்து தெரியவேண்டும். தெரியாவிட்டால் மறுபடி துணி. மறுநாள் பொழுது விடிந்ததும் கூரையேற்றினார்கள். அன்று வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

சாயங்காலம் நர்ஸம்மா, சோதனைத் தாள் போட்ட இரண்டு சின்னக் குப்பிகளைக் கொண்டுவந்தாள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீரும் மற்றதில் கூரை வெயிலில் கிடந்த தண்ணீரும் ஊற்றி, கடை அலமாரியில் வைத்தாள். "ரெண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம். அசுத்தம் இருந்தா கறுத்துடும். அதுவரைக்கும் யாரும் வாய் வைக்கக் கூடாது." மிச்சமிருந்த பாக்கெட் தண்ணீரை ஆளுக்கு ஒரு மடக்காக வைத்து ஓட்டினார்கள்.

இரண்டாம் நாள் அலமாரியைத் திறந்தபோது கிணற்றுக் குப்பி கண்மைபோலக் கறுத்திருந்தது. மற்றது ஊற்றியபோது இருந்த நிறத்திலேயே இருந்தது.

கடைக்காரி இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒரே கிணறு, ஒரே வாளி. அடுப்பு மூட்டவில்லை, மருந்து போடவில்லை. ஒரு பகல் முழுக்கச் சும்மா படுத்துக் கிடந்தது, அவ்வளவுதான். அவளுடைய மயிர்க்கால்கள் சிலிர்த்தன.

"மண்டையைப் பொளக்குதுன்னு இந்த வெயிலை எத்தனை தடவை திட்டியிருப்பேன்," என்றாள் மெதுவாக.

நர்ஸம்மா தலையாட்டியதும் ஒரு பாட்டிலைத் திறந்து முதல் ஆளாகக் குடித்தாள். வெதுவெதுவென்று, சப்பென்று இருந்தது. பாதியை மூத்தவளிடம் நீட்டினாள்.

அதற்குப் பிறகு தெருவே அவள் கொல்லையில்தான் கிடந்தது. அந்த மூன்று குழந்தைகளும் எழுந்து விளையாடத் தொடங்கினார்கள். புதிதாக யாரும் படுக்கவில்லை. லாரி ஒன்பதாம் நாள்தான் வந்து சேர்ந்தது.

அதற்கு முந்தின நாள் நடுப்பகலில், பாட்டில்களைப் புரட்டிப்போடக் கூரையேறியவள் நிமிர்ந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். தெருக்கோடிவரை ஒவ்வொரு தகரத்தின்மேலும் வரிசை வரிசையாகப் பாட்டில்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சூரியன். சேறு அப்பிய சுவர்களுக்கு மேலே ஊர் முழுக்க ஒளி பரந்து கிடந்தது. கண் கூசியது, மூட மனம் வரவில்லை.

"விழுந்து தொலைக்காதடி. அங்க என்னத்த பாக்குற?" என்றாள் கீழே மூத்தவள்.

"ஏறி வந்து நீயே பாருக்கா."

முட்டி வலியை முனகிக்கொண்டே மூத்தவள் ஏணியேறி வந்தாள். வந்தவள் இளையவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கீழேயிருந்து நர்ஸம்மா கேட்டாள்: "அக்கா, ஆத்தோரத் தெருவுக்கு இன்னும் முந்நூறு வேணுமாம். இருக்கா?"

"இருக்கு," என்றாள் கடைக்காரி. ஆனால் அவளும் இறங்கவில்லை, மூத்தவளும் இறங்கவில்லை.