இன்னொரு பார்ட்டி

வீடு தேடி அலைந்ததில் தங்கைக்கு ஒன்று மனப்பாடமாகிவிட்டது. "வேற யாராவது கேட்டிருக்காங்களா?" என்று வாயைத் திறந்தால் போதும், எந்தத் தரகரும் ஒரு பெருமூச்சு விட்டு, "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்கம்மா, நீங்கதான் சீக்கிரம் முடிவு பண்ணணும்" என்பார். அந்தப் பார்ட்டியைக் கண்ணால் பார்த்தவர் கிடையாது. பல் டாக்டரின் வரவேற்பில் உட்கார்ந்து, "டாக்டர் வந்துட்டே இருக்கார்" என்று நாள் முழுக்கப் புளுகுகிறவளிடமே இந்தக் கதையா!

ஆனால் இந்த வீடு அவளை அசைத்துவிட்டது. வாசலில் படி இல்லை. அக்காவின் சக்கர நாற்காலி எங்கும் முட்டாமல் எல்லா அறைக்கும் போய் வந்தது. குளியலறையை மட்டும் இடித்துப் பெரிதாக்க வேண்டும். அதற்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்திருந்தாள்.

ஒரு விலையைச் சொல்லிவிட்டு, விற்பவர் தரப்புத் தரகரிடம் வழக்கமான கேள்வியைப் போட்டாள்.

"இருக்காங்கம்மா," என்றார் அவர். பெருமூச்சே இல்லை. "எவ்வளவு கேட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா இருந்தா இருக்குன்னு சொல்வேன், இல்லேன்னா இல்லேன்னு சொல்வேன். வீட்டுக்காரம்மாகிட்ட இதைப் பேசிட்டுத்தான் வேலையையே எடுத்தேன்."

நன்றாகத்தான் நடிக்கிறார் என்று நினைத்தாள். வீடு வந்து சேர்வதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே ஒருத்தர் இருந்தால்?

"குளியலறைக் காசையும் சேர்த்துக் கொடுத்துடு. வீடு கிடைக்கிறதுதான் முக்கியம். நான் சமாளிச்சுக்கறேன்," என்றாள் அக்கா, இவள் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் வேலைக்கு நடுவே தரகருக்குப் போன் போட்டாள். கூட்டிச் சொல்லப்போகிற விலை நாக்கு நுனியில் நின்றது. பழக்கதோஷம், கேள்வி முந்திக்கொண்டது.

"அந்த இன்னொரு பார்ட்டி இன்னும் இருக்காங்களா சார்?"

"இல்லைம்மா. காலையிலதான் வேண்டாம்னுட்டாங்க. இப்ப நீங்க மட்டுந்தான்."

அவர் 'இருக்காங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனையையும் வாரிக் கொடுத்திருப்பாள்.

"அப்ப... நேத்து சொன்ன விலையே இருக்கட்டும் சார். அந்தம்மா ஒத்துக்குவாங்களா?"

"கேட்டுச் சொல்றேன்."

மத்தியானம் அவரே கூப்பிட்டார். "சரின்னுட்டாங்க. அது போதுமாம்."

"நீங்க நல்லா இருக்கணும் சார்."

"உள்ளதைச் சொன்னேன். அதுக்கு எதுக்கும்மா இவ்வளவு?"

"அதுக்குத்தான் சார்," என்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவருக்கும், முகம் தெரியாத அந்த வீட்டுக்காரம்மாவுக்கும் என்ன செய்து நன்றிக்கடன் தீர்ப்பது என்று தெரியவில்லை.

சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். குளியலறைக் காசு அப்படியே இருக்கிறது என்றாள். இந்த வாடகை வீட்டுக் குளியலறையில் நாற்காலி பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகத்தான் நிற்கும். அக்கா சக்கரத்தை உருட்டி அவள் பக்கம் திரும்பினாள்.

"அப்ப இனிமே," என்றாள், "குளிக்கும்போது நான் கதவைச் சாத்திக்கலாமாடி?"