ஏரம்பரின் சால்வை

மலாயாவில் ரெயில்வேக் கிளாக்கராக இருந்து பென்சனோடு அளவெட்டிக்குத் திரும்பிய ஏரம்பருக்கு ஒரேயொரு குறைதான். பெயருக்குப் பின்னால் எழுத்து இல்லை. சமாதான நீதவான் என்பதற்கான ஜே.பி. என்ற இரண்டெழுத்து வந்து ஒட்டிக்கொண்டால் கலியாண வீட்டில் முன்கதிரையும் கோயிலில் முதல் காளாஞ்சியும் பின்னாலேயே வந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். வாசல் படலையில் பித்தளைப் பலகை கூட அடித்தாயிற்று. பெயருக்குப் பக்கத்தில் இரண்டெழுத்துக்கு அளவாக இடம் விட்டுத்தான் வெட்டுவித்திருந்தார்.

பட்டத்துக்கு வழி, அந்தப் பகுதியின் அரசாங்க அதிகாரியான மணியகாரர். அவர் மேலிடத்தில் ஒரு சொல்லுச் சொன்னால் போதும். அவர் கண்ணில் எப்படிப் படுவது என்று ஏரம்பர் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நெருப்புப் பிடித்தது.

பிடித்தது பக்கத்து ஊரில். சோளகக் காற்று வீசத் தொடங்கிய கையோடு, ஒரு சின்னப் பெடியன் குப்பி விளக்கைக் கொண்டுபோய் வைக்கோல் போரடியில் விளையாட, போரும் வேலியும் அடுக்களையும் ஒன்றாய்ப் போயின. ஆட்களுக்குச் சேதமில்லை. ஆட்டுக்குத்தான் தாடி கருகியது. மணியகாரர் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சொல்லியனுப்பினார்: சின்னப் பிள்ளைகளுக்கு நெருப்பைப் பற்றிப் படிப்பியுங்கள், நானே வந்து பார்ப்பேன்.

“நெருப்பைப் பற்றி இந்தப் பகுதியிலை என்னை விட்டால் ஆர் கதைக்கிறது?” என்று ஏரம்பர் மனைவி பராசக்தியிடம் சொன்னார். “சீவியம் முழுக்க எஞ்சினோடை கிடந்தவன்.”

அவர் கிடந்தது சாமான் அறையில். எஞ்சினின் நெருப்பை அவர் பிளாட்பாரத்தில் நின்று பார்த்ததோடு சரி. பராசக்திக்கு அது தெரியும். “ஓம், ஓம்” என்று சொல்லிவிட்டுக் கீரையை ஆய்ந்தாள்.

அடுத்த நாளே ஏரம்பர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆகச் சின்னப் பிள்ளைகளின் வகுப்பான அரிவரியில் ஏறி நின்று பிரசங்கம் தொடங்கினார். “அக்கினியானது பிராணவாயுவை உட்கொண்டே சீவிக்கின்றது.”

“அப்ப அது சோறு தின்னாதோ?” என்று முன்னால் இருந்த மகாதேவி கேட்டாள். அவள் ஏரம்பரின் பக்கத்து வளவுப் பிள்ளை. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன, பயம் பிறக்கும்போதே விழுந்துவிட்டது.

ஏரம்பர் கேட்காதவர்போல் மேலே போனார். அவர் முடிக்கும்போது வகுப்பில் பாதி நித்திரை. மீதி, கூரையில் இருந்த ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஞானாம்பிகை ரீச்சர் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து பாடத்தை விளையாட்டாக்கினாள். நெருப்பைக் கண்டால் கட்டிலுக்குக் கீழே ஒளிக்கக்கூடாது, வெளியே ஓடிப் பெரியவர்களைக் கூப்பிடவேண்டும். உடுப்பில் பிடித்தால் மட்டும் ஓடக்கூடாது, நின்ற இடத்திலேயே விழுந்து முகத்தைப் பொத்திக்கொண்டு உருளவேண்டும். எல்லாவற்றுக்கும் முதல், தொங்குகிற துணியை இழுத்துச் செருகாமல் விளக்கடிக்கும் அடுப்படிக்கும் போகவே கூடாது.

புழுதியில் உருளுங்கள் என்று ஒரு ரீச்சரே சொல்லுவதைப் பிள்ளைகள் அதுவரை கேட்டதில்லை. அன்றைக்கு அவ்வளவு பேரும் செம்மண் நிறத்தில் வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு கிழமைக்குள் ஊர் அரிவரியின் ஆட்சிக்குள் வந்துவிட்டது. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் சுருட்டுப் பற்றிய தகப்பன்மார் விரட்டப்பட்டார்கள். குப்பி விளக்குகள் கிடுகு வேலியை விட்டு நடுமுற்றத்துக்கு வந்தன. மகாதேவி வேலியில் ஆள் நுழையும் இடைவெளியான பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி, “மாமி, அடுப்பூதிறதெண்டால் சீலைத் தலைப்பைச் செருகுங்கோ! எத்தினை தரம் சொல்லுறது?” என்று பராசக்தியை அதட்டினாள். பராசக்தி சிரித்துக்கொண்டே செருகினாள்.

“பாத்தீரோ, என்ரை பிரசங்கம் எப்பிடிப் பிடிச்சிருக்கெண்டு!” என்றார் ஏரம்பர்.

மணியகாரர் வரும் நாள் வந்தது. பள்ளிக்கூடம் ஓலைக் கொட்டில், அரைச்சுவர். காற்று தன் வீடுபோல வந்துபோனது. வாசலில் வாழை, நடுவில் குத்துவிளக்கு, ஒரு பக்கம் நாதஸ்வர கோஷ்டி. அளவெட்டியில் மேளம் இல்லாமல் ஒரு பூசணிக்காயைக் கூட வெட்டமாட்டார்கள். மற்றப் பக்கம் ரீச்சர் பிள்ளைகளின் விளையாட்டுக்காக ஈரச் சாக்கும் மண்வாளியும் வைத்திருந்தாள்.

ஏரம்பர் கோட்டும் தலைப்பாகையுமாக வந்தார். தோளில் முழங்கால்வரை தொங்கும் சரிகைச் சால்வை. காற்று அதைக் கொண்டுபோய்விடாமல் கோட்டோடு சேர்த்துத் தங்க ஊசி குத்தியிருந்தார். மணியகாரரே அவரைப் பார்த்து, “மிஸ்டர் ஏரம்பு, நீங்களே விளக்கை ஏத்துங்கோ” என்றார். மிஸ்டர்! ஏரம்பருக்குப் பித்தளைப் பலகை கண்ணுக்குள் மின்னியது.

ரீச்சர் மெல்லக் கிட்டப் போனாள். “ஐயா, சால்வையை இடுப்பிலை கட்டினால் நல்லம். பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்குதுகள்.”

ஏரம்பர் திடுக்கிட்டார். சால்வையை இடுப்பில் கட்டுவது சாமிக்கு முன்னால். அல்லது, தன்னிலும் பெரிய ஆளுக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது. மணியகாரரின் சால்வை தோளில் கிடக்கிறது. இவர் இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றால், இடுப்பில் கட்டினவனுக்கு ஆர் ஜே.பி. குடுப்பினம்?

“பிள்ளை, உது சின்னதுகளுக்குள்ள சட்டம்” என்றார்.

“ஐயா, சால்வை!” என்று மகாதேவி எழும்பினாள்.

“இரு!”

ஏரம்பர் குனிந்து திரியைத் தொட்டார். சுடர் எழுந்தது. கெட்டிமேளம் முழங்கியது. சோளகம் ஒரு வீச்சு வீசியது. சால்வைத் தலைப்பு விளக்கின் மேலால் போய்விட்டுத் திரும்பி வரும்போது கூடவே நெருப்பையும் கொண்டுவந்தது.

உதறினார். ஊசி விடவில்லை. பிரசங்கம் செய்த மனிதர், செய்யக்கூடாத ஒரே காரியத்தைச் செய்தார். ஓடினார். குத்துவிளக்கைச் சுற்றி, கதிரைகளைச் சுற்றி, மணியகாரரையும் ஒருமுறை சுற்றி ஓடினார். இதுவும் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்த தவில்காரர் காலத்தைக் கூட்டினார்.

“ஓடாதேங்கோ!” அரிவரி முழுக்க ஒரே குரலில் கத்தியது. “விழுங்கோ ஐயா! விழுந்து உருளுங்கோ!”

மகாதேவியின் குரல் தவிலுக்கும் மேலால் வந்தது: “மூஞ்சையைப் பொத்துங்கோ!”

ஏரம்பர் விழுந்தார். பொத்தினார். உருண்டார். தலைப்பாகை ஒரு பக்கம் உருள, அவர் மறுபக்கம் உருண்டார். ரீச்சர் ஈரச் சாக்கை மேலே போட்டு அமுக்கினாள். “உருளு, உருளு” என்று பிள்ளைகள் பாட, தவில் அதற்குத் தாளம் பிடித்து, தீர்மானம் வைத்து முடித்தது. நெருப்பும் முடிந்தது. சால்வையில் பாதியும் கோட்டில் ஒரு மூலையும்தான் போயின. உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை.

பிறகு மணியகாரர் எழுந்து நின்று கை தட்டினார்.

“பிரமாதம்! வாயாலை எல்லாரும் பிரசங்கம் செய்வினம். இப்பிடி விழுந்து உருண்டு படிப்பிச்ச மனுசனை நான் கொழும்பிலும் காணேல்லை.”

“இல்லை, ஐயா மெய்யாத்தான் எரிஞ்சவர்!” என்றாள் மகாதேவி.

“பாருங்கோ, பிள்ளையே நம்பிவிட்டுது!”

சாக்குக்குள் இருந்து ஏரம்பர் தலையை வெளியே நீட்டினார். மீசையில் செம்மண். ரீச்சரைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் முட்டாள், சொல்லாவிட்டால் ஜே.பி. “சின்ன ஒரு முயற்சிதான்” என்றார் ஏரம்பர்.

“அடுத்த கிழமை மல்லாகத்திலை இதையே ஒருக்காச் செய்து காட்டுங்கோ. பிறகு தெல்லிப்பழை. என்ரை பகுதியிலை ஒரு பள்ளிக்கூடமும் விடுபடக்கூடாது.”

அன்றைக்குத் தொடங்கியது உருளல். மெய்யான நெருப்பு வேண்டாம் என்று ரீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், பராசக்தி தன் பழைய சிவப்புக் கலியாணக் கூறைச் சேலையில் ஒரு துண்டு கிழித்துச் சால்வைத் தலைப்பில் தைத்துக் கொடுத்தாள். அதுதான் நெருப்பு. ஏரம்பர் ஊர் ஊராகப் போய் ஓடினார், பிள்ளைகள் அதட்டினார்கள், விழுந்து உருண்டார். முதல் இரண்டு ஊரிலும் பல்லைக் கடித்துக்கொண்டு உருண்டார். மூன்றாவது ஊரில் ஒரு குட்டிப் பெண் ஓடிவந்து, “ஐயா, நொந்ததோ?” என்று முதுகைத் தடவிவிட்டாள். அதற்குப் பிறகு தேவைக்கு மேலேயே ஒரு சுற்று உருண்டார்.

வருசப் பிறப்போடு பட்டங்கள் வெளிவந்தன. ஜே.பி. மணியகாரரின் மைத்துனருக்கு. அவர் ஒருநாளும் எங்கும் உருண்டவரல்ல.

செய்தி வந்த பின்னேரம் ஏரம்பர் படலையடியில் பித்தளைப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒழுங்கையால் பிள்ளைகள் ஒரு கூட்டம் போனது. “உருளல் ஐயா! உருளல் ஐயா!” என்று கத்திக் கையாட்டியது. ஏரம்பரின் கையும் தன்பாட்டில் எழுந்து ஆடியது.

“இஞ்சருங்கோ,” பராசக்தி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். “பொழுது பட்டிட்டுது. விளக்கைக் கொளுத்திவிடுங்கோ.”

ஏரம்பர் நெருப்புப் பெட்டியை எடுத்தார். வைத்தார். தோளில் கிடந்த சால்வையை இழுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். பிறகு யாராவது பார்க்கிறார்களோ என்று திரும்பினார்.

வேலிப் பொட்டுக்குள் இரண்டு கண்கள்.

“இப்ப கொளுத்துங்கோ” என்றாள் மகாதேவி.