அக்கா மகனுக்கு எத்தனை கரண்டி

1

இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவர் வாசலில் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் கன்னம் வீங்கிய ஒரு மனிதர். ராணுவப் பயிற்சி முகாமில் புதுச் சிப்பாய்களுக்குச் சமைத்து ஓய்வு பெற்றவர். வாய் பாதிதான் திறந்தது என்பதால் பாதிக் கதைதான் வெளியே வந்தது. மீதியை நான் போட்டு நிரப்பியிருக்கிறேன். எந்தப் பாதி யாருடையது என்று கேட்காதீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கிண்டியாகிவிட்டது.

2

முதல் தொடக்கம்: ‘அதிகாலை மூடுபனியில் முகாமின் கொடி...’

வேண்டாம். கொடியைத் தின்ன முடியாது.

இரண்டாம் தொடக்கம்: அந்தச் சமையற்கூடத்துக் குழம்பு அண்டா சாதாரணமானதல்ல. முதல் வரிசைக்கு ஊற்றும்போது உள்ளே விழுந்த உதவியாள், கடைசி வரிசைக்குத்தான் கரண்டியில் வந்தான். “உப்பு கொஞ்சம் தூக்கல்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனான்.

(இது முழுக்கச் சமையல்காரர் சொன்னது. நான் சேர்த்தது உப்பு மட்டும்.)

3

அங்கே சாப்பாட்டுக்கும் விசில் உண்டு. ஊதினால் உட்கார வேண்டும். மறுபடி ஊதினால், வாயில் இருப்பதை விழுங்கிக்கொண்டே எழுந்துவிட வேண்டும். விழுங்கத் தெரிந்தவன் தேறுவான். சமையல்காரரின் அக்கா மகனுக்கு அந்த வித்தை வரவில்லை. அம்மா பிசைந்து, ஆறவைத்து, ஊட்டி வளர்த்த பிள்ளை. நிதானமாக மென்றான். இளைத்தான். எடை பார்க்கும் நாள் நெருங்கியது. குறைந்தால் வீட்டுக்கு, தேறினால் சண்டை நடக்கும் எல்லைக்கு.

இவர்தான் தாய்மாமன் என்பது முகாமில் யாருக்கும் தெரியாது. சேர்ந்த அன்றே பையன் வாய்தவறி “மாமா” என்றுவிட்டான். வரிசை மொத்தமும் அதைப் பிடித்துக்கொண்டு “மாமா, எனக்கு”, “மாமா, இங்க” என்று கத்த, ரகசியம் பத்திரமாகிவிட்டது.

[இந்த மாமனை நான் முழுதாக நம்பவில்லை. நல்லவர் மாதிரி தெரிகிறார். நல்லவரை வைத்துக்கொண்டு கதை எழுதுவது பெரிய அவஸ்தை.]

4

அக்கா தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள்.

“டேய், அவன் எடை ஏறக் கூடாது. திருப்பி அனுப்பிரட்டும். கரண்டி உன் கையிலதானே இருக்கு?”

“நானாக்கா அவனப் பட்டினி போடணும்?”

“பட்டினி போடச் சொன்னேனா, பாவி? கொறச்சுப் போடுன்னுதான் சொன்னேன். அப்புறம், ஒரு டப்பா நிறைய நெய் உருண்டை அனுப்பிருக்கேன். பிள்ளை பசி தாங்க மாட்டான். மறக்காம குடு.”

எடை பார்ப்பதற்கு முந்தின வேளை. வரிசையில் அக்கா மகன் தட்டை நீட்டினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“மாமா, நல்லா அள்ளிப் போடுங்க. நாளைக்குத் திருப்பி அனுப்பிட்டா தெருவுல எப்படித் தலை காட்டுவேன்?”

“உங்கம்மா...”

“அம்மாவா எடை மெஷின்ல ஏறப் போறாங்க?”

பின்னால் நின்றவன் கத்தினான்: “மாமா, சொந்தம் கொண்டாடுனது போதும், பசிக்குது!”

5

முடிவு ஒன்று: அள்ளிப் போட்டார். பையன் தேறினான். ரயில் கிளம்பும்போது நெய் உருண்டை டப்பாவை அவன் கையில் கொடுத்து...

(அடுத்த வாக்கியத்தை எழுதி எழுதி அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: குறைத்துப் போட்டார். பையன் வீடு திரும்பினான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. விசில் இல்லாத வீட்டில் வேளை தவறாமல் ஊட்டினாள். அடுத்த ஆள்சேர்ப்பில் அவன் ஏறி நின்றதும் எடை மெஷினே முனகியது. கையோடு சேர்த்துக்கொண்டார்கள்.

பார்த்தீர்களா, இரண்டு முடிவும் ஒரே ரயிலில்தான் போய் ஏறுகின்றன.

6

சரி, உண்மையில் என்ன செய்தார்? நான் கேட்பதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது வாய் நிறையப் பஞ்சு.

“போட்டீங்களா, இல்லையா?” என்றேன்.

கரண்டி பிடிப்பதுபோலக் கையை உயர்த்தினார். அப்படியே வைத்திருந்தார். பரிமாறப் போகும் கையா, நிறுத்திக்கொண்ட கையா என்று நான் கண்டுபிடிப்பதற்குள் மருந்துக் கடையைத் தேடிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்த இல்லாத கரண்டி என்னிடம் இருக்கிறது. எனக்குக் கனம் தாங்கவில்லை. வயதுதான் காரணம், வேறொன்றுமில்லை. நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். சீக்கிரம். விசிலை வாயில் வைத்துவிட்டார்கள். பையன் இன்னும் தட்டை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறான்.