மஞ்சள் கட்டம்

என் தொழிலில் ஆளை எடை போடுவதற்கு முன்னால் கேமராவைத்தான் எடை போடுவார்கள். தோளை இழுக்கிற கனத்தில் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு போனால் "வாங்க சார்" என்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்குவதை எடுத்து வைத்தால், "மெயின் கேமரா பின்னாடி வருதா?" என்று கேட்பார்கள். இந்தத் தொல்லைக்காகவே லென்ஸின் முன்னால் ஒரு பெரிய கறுப்புக் குழலை மாட்டிக்கொண்டு போவேன். வெயில் படாமல் தடுக்கிற குழல் அது. ஜன்னலே இல்லாத மீட்டிங் அறைக்குள் அது எதற்கு என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

பழைய கேமராவை விட்டுவிட்டு மிரர்லெஸ்ஸுக்கு மாறியதற்குக் காரணம் என் கழுத்துவலிதான். வாங்கிவந்த அன்று, பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்க்கிற என் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மிரர்லெஸ்னா என்ன?"

"உள்ள கண்ணாடி இருக்காது."

"கண்ணாடி இல்லாம இதுக்கு மட்டும் கண்ணு தெரியுமா? உங்களுக்கே தெரியாது."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நானும் சிரித்தேன். ஆனால் அவள் விளையாட்டாகச் சொன்னதில் விஷயம் இருந்தது. பழைய கேமராவில் ஒரு கண்ணாடி எதிரில் இருப்பதை அப்படியே என் கண்ணுக்கு அனுப்பும். படம் எடுக்கும்போது 'கடக்' என்று மேலே தூக்கிக்கொள்ளும். புதியதில் கண்ணாடியும் இல்லை, அந்தக் 'கடக்'கும் இல்லை. கண்ணை வைக்கிற இடத்தில் இருப்பது ஒரு குட்டி டிவி. பழையதில் நான் பார்த்தேன். இதில் அது பார்த்துவிட்டு எனக்குக் காட்டுகிறது.

அப்போது மகளுக்கு நாலு வயது. ஓரிடத்தில் நிற்கமாட்டாள். சோபாவின் கைப்பிடியில் இருப்பாள், கேமராவைத் தூக்குவதற்குள் மேஜைக்கு அடியில் இருப்பாள். அதனால் அவள் முகத்தைக் கேமராவில் பதிந்து வைத்தேன். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்க வைத்து, முகம் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு படம். பெயர் கேட்டது. நாங்கள் கூப்பிடுகிறபடியே 'வாலு' என்று போட்டேன். அதன் பிறகு எத்தனை பேர் நடுவில் அவள் ஓடினாலும் ஒரு மஞ்சள் கட்டம் போய் அவள் முகத்தில் உட்காரும். கீழே பெயர் வரும். ஃபோகஸ் குறி சரியாகப் பிடித்ததும் 'பிப் பிப்' என்று ஒலிக்கும். மற்ற எல்லாருக்கும் வெள்ளைக் கட்டம்தான்.

வேலைக்குப் போகும்போது அந்தச் சத்தத்தை நிறுத்திவிடுவேன். பதிந்த முகத்துக்கு முன்னுரிமை என்பதையும் நிறுத்த வேண்டும். இந்த இரண்டாவது பெரும்பாலும் மறந்துபோகும். மறந்தாலும் பாதகமில்லை என்று இருந்தேன். வேலை செய்கிற இடத்தில் வாலு ஏது?

இப்போது அவளுக்கு எட்டு வயது. சோபா கைப்பிடியெல்லாம் ஏறுவதில்லை. புத்தகத்தைத் திறந்தால் பக்கத்தில் குண்டு விழுந்தாலும் நிமிரமாட்டாள். வாலு என்று கூப்பிட்டால் முறைப்பாள். "எனக்குன்னு ஒரு பேர் இருக்குப்பா" என்பாள்.

ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எல்லாருக்கும் அடையாளப் படம் எடுக்கப் போயிருந்தேன். மேனேஜர் டையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் வெள்ளைக் கட்டம் வந்தது. நான் விரலை அழுத்தப் போகும் நேரத்தில் அது அவரை விட்டுவிட்டு அறையின் கண்ணாடிக் கதவுக்கு ஓடியது. கதவின் கைப்பிடிக்கும் கீழே நின்றது. மஞ்சளாக மாறியது. வாலு என்று பெயர் காட்டியது.

கேமராவை இறக்கிப் பார்த்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் காலியான நடைபாதைதான் இருந்தது.

"என்ன சார், பிடிக்க மாட்டேங்குதா? சின்னக் கேமராதானே" என்றார் மேனேஜர்.

"பெரிய ஆளுங்களைப் பாத்தா அதுக்குக் கூச்சம்" என்று சமாளித்து, குறியைக் கையாலேயே வைத்து மிச்சப் பேரை எடுத்து முடித்தேன். கணினியில் பார்த்தபோது முதல் படத்தில் மேனேஜர் ஆவி பிடித்தவர்போல மங்கியிருந்தார். கதவு மட்டும் துல்லியம். கண்ணாடியில் என் இடுப்பு உயரத்தில், யாரோ மூக்கை வைத்து அழுத்தி மூச்சு விட்டது மாதிரி ஒரு வட்டம் பனித்திருந்தது. மனைவிக்கு ஃபோன் போட்டேன்.

"ஸ்கூல்ல இருக்கா. வேற எங்க இருப்பா?" என்றாள். "மறுபடி சாப்பிடாம வேலை பாக்குறீங்களா?"

மென்பொருள் கோளாறு என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அடுத்த வாரம் எங்கள் தெருமுனை பேக்கரிக்கு விளம்பரப் படம் எடுத்தபோது, ரொட்டித் தட்டை ஏந்தி நின்ற பெண்ணை விட்டுவிட்டு மஞ்சள் கட்டம் வாசற்படிக்குப் போனது. அன்றைக்கு எனக்கு முதுகு சில்லிட்டது. அலுவலகம் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. பேக்கரியிலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். வழி கேட்டுக் கேட்டு நடந்து வருகிற குழந்தையாக அது எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் மகளைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினேன். வெள்ளைக் கட்டம் வந்தது. பெயர் வரவில்லை. அவளை அதற்குத் தெரியவில்லை.

"இதுல என்ன அதிசயம்?" என்றாள் மனைவி, விளக்கப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே. "பிள்ளைங்க வளர வளர மறுபடி பதியணும்னு இதுலயே போட்டிருக்கு. பழசை அழிச்சிட்டுப் புதுசாப் பதிங்க."

சுலபமான வேலைதான். ஆனாலும் நான் செய்யவில்லை. பழையதை வைத்துக்கொண்டே இன்னொரு முகமாகப் பதியவும் இடம் இருந்தது. அதையும் செய்யவில்லை. இரண்டு பேரும் ஒருத்திதானே, ஒரே ஆளை எப்படி இரண்டு பேராகப் பதிவது என்று எனக்குள் வாதம் பண்ணிக்கொண்டேன். அது வெறும் சாக்கு. மஞ்சள் கட்டத்தை மறுபடியும் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அதுதான் உண்மை.

சீக்கிரமே எங்கள் கட்டடத்தின் மாடிப்படித் திருப்பத்தில் அதைக் கண்டுபிடித்தேன். வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றுமில்லை. கேமரா வழியே பார்த்தால், கீழ்ப்படியில் ஒரு கட்டம் நிலைகொள்ளாமல் அசையும். ஒரு படி ஏறும், இறங்கும், கம்பிக்குப் பின்னால் மறைந்துகொள்ளும், எட்டிப் பார்க்கும். நான் சிரிப்பேன். நாலு வயதில் அவள் அப்படித்தான் செய்வாள்.

"குப்பை கொட்டப் போறவருக்குக் கேமரா எதுக்கு?" என்று மனைவி கேட்டாள். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

பள்ளி ஆண்டுவிழாவில் மகளுக்குப் பேச்சுப் போட்டி. ஒரு மாதமாகக் குளியலறையில் தனியாகப் பேசிப் பேசி மனப்பாடம் செய்திருந்தாள். முதல் வரிசையில் எனக்கு இடம் பிடித்து வைத்ததும் அவள்தான். மேடைக்கு வந்தாள், மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள், பேச ஆரம்பித்தாள். வெள்ளைக் கட்டம் அவள் முகத்தில் இருந்தது. பிறகு அது வழுக்கிக்கொண்டு மேடையின் ஓரப் படிக்கட்டுக்குப் போய் மஞ்சளாயிற்று. எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். குறியைக் கைக்கு மாற்றி மகள் முகத்தில் வைக்க வேண்டும். நான் லென்ஸைக் கட்டத்தின் பின்னாலேயே கொண்டுபோனேன். அவள் பேசி முடித்துக் கைதட்டல் வந்தபோதுதான் எனக்குச் சுயநினைவு வந்தது.

மறுநாள் அவள் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"இதுல நான் எங்கப்பா?"

"அந்தப் பக்கம், கொஞ்சம் மங்கலா..."

"படிக்கட்டு நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அதுவும் எங்கள் வீட்டில் சாதாரண நாளாகப் போயிருக்கும். "அவ இனிமே உங்களைக் கூப்பிட மாட்டா" என்று மட்டும் சொன்னாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரைக்கும் எனக்கு வந்ததெல்லாம் பயமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி கடைக்குப் போயிருந்தாள். மகளை அதே வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கச் சொன்னேன். மனமில்லாமல்தான் வந்தாள். முகம் பதிகிற பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினேன். பதியவில்லை. ஒரு முகம் மட்டுமே இருக்க வேண்டும் என்று திரையில் எழுத்து வந்தது.

மறுபடி பார்த்தேன். இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று மகள் முகத்தில், வெள்ளை. இன்னொன்று அவள் முழங்கை உயரத்தில், மஞ்சள். அது சுவரின் மேல் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றேன்.

மகள் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். பஸ்ஸில் இன்னொருத்தருக்கு இடம் விடுவதுபோல ஓர் எட்டு நகர்ந்தாள். "தள்ளினாலும் கூடவே வருவாப்பா" என்றாள்.

"யாரு?"

"அவதான். நீ வாலுன்னு கூப்பிடுறியே, அவ."

"உனக்குத் தெரியுதா?"

"கண்ணுக்குத் தெரியாது. நீ அந்தப் பேரைச் சொன்னா வந்துடுறா. என் சட்டையைப் பிடிச்சுக்குறா. முன்னெல்லாம் வெளியவே நிப்பா. இப்ப வீட்டுக்குள்ளயும் வர்றா." அவள் அழவில்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரலில்தான் கேட்டாள்: "அவ இங்கயே இருந்துட்டா நான் எங்கப்பா தூங்குறது?"

பதிந்த முகங்களின் பக்கத்துக்குப் போனேன். தபால்தலை அளவில் அந்தப் படம் இருந்தது. உப்பிய கன்னம், உதட்டோரத்தில் பிஸ்கட் துகள், அடுத்த நொடி ஓடப்போகிற கண். அழிக்கவா என்று கேட்டது. என் கட்டைவிரல் நகரவில்லை. செத்துப்போன பிள்ளைக்கு வாய்விட்டு அழலாம். வளர்ந்துபோன பிள்ளைக்கு எப்படி அழுவது? எதிரில்தானே நிற்கிறாள். அந்த நாலு வயதுக்காரி எனக்கு வேண்டும் என்று இருந்தது. எட்டு வயதுக்காரி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுத்தினேன். படம் போய்விட்டது.

கண்ணை வைத்துப் பார்த்தேன். இப்போது ஒரே ஒரு கட்டம். முழங்கை உயரத்தில். பெயர் இல்லை, ஆனால் மஞ்சள். மகள் முகத்தில் வெள்ளைக் கட்டம்கூட இல்லை. சுவரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது கேமரா.

"நான் வர்றேனாப்பா?" என்று கேட்டாள்.

கேமராவை அணைத்தேன். பேட்டரியையும் உருவி எடுத்து இரண்டையும் மேஜைமேல் வைத்தேன். அவள் முன்னால் போய் மண்டியிட்டேன். கையில் எதுவும் இல்லாமல் அவளை அவ்வளவு பக்கத்தில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று தெரியவில்லை. புதிதாக முளைத்த முன்பல் கொஞ்சம் கோணலாக இருந்தது. தாடைக்குக் கீழே ஒரு தழும்பு. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது.

"வா..." என்று பழக்கதோஷத்தில் வாய் திறந்தது. அவள் கண் பெரிதானது. பாதியில் நிறுத்திக்கொண்டு, பள்ளியில் கூப்பிடுகிற அவளுடைய முழுப்பெயரைச் சொன்னேன். ஓடி வந்து என் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

பின்னால், மேஜையிலிருந்து, 'பிப் பிப்' என்றது.

"திரும்பாதப்பா" என்றாள் என் காதுக்குள்.

திரும்ப வேண்டும் என்று இருந்தது. ஒரே ஒரு முறை, கட்டம் இல்லாமல், பெயர் இல்லாமல், அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மறுபடி அந்தச் சத்தம் கேட்டது, இன்னும் பக்கத்தில். அப்புறம் என் சட்டையின் பின்நுனியை ஒரு சின்னக் கை பிடித்து இழுத்தது.

மகளின் இரண்டு கைகளும் என் கழுத்தில் இருந்தன.

நான் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவள் பெயரையே சொன்னேன். பின்னால் இழுப்பது ஓயும்வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.