சீமாட்டி வீடு மாறிய நாள்

இத்தாலியில் கியோஜ்ஜா என்ற கடலோர ஊரில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால் ஆளாளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, அரசாங்கத் தாளில்கூட அதைச் சேர்த்துத்தான் எழுதுவார்கள். அந்த வழக்கப்படிதான் நெரீனாவும் கண்ணாடிச் சில்லில் தான் வளர்த்த கடற்பீச்சி என்ற கூழ்போன்ற கடலுயிருக்குச் 'சீமாட்டி' என்று பேர் வைத்தாள். உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல், வாயைத் திறந்துவைத்து வருவதை விழுங்குகிற பிறவிக்கு வேறென்ன பேர் வைப்பதாம்!

அவள் புருஷன் எர்மெஸுக்குத் தொழிலே கடலில் கயிறு கட்டிச் சிப்பி வளர்ப்பது. அவனுக்குக் கடற்பீச்சி என்றாலே பற்றிக்கொண்டு வரும். கயிற்றிலும் சிப்பியிலும் கொழகொழவென்று படர்ந்து மூச்சுமுட்ட வைக்கும் சனியன் அது. கயிற்றைத் தூக்கி ஒரு பகல் வெயிலில் தொங்கவிட்டால் சிப்பி வாயை மூடிக்கொண்டு பிழைக்கும், அந்தச் சனியன் காய்ந்து உதிரும்.

"உன் சீமாட்டி சொந்தக்காரங்க இன்னிக்கு என் கயித்துல குடும்பம் குடும்பமா செத்தாங்க" என்பான் சாப்பாட்டு மேசையில், பொலெண்டா என்ற சோளக்களியைக் கிளறிக்கொண்டே.

"சாகட்டும். ஜப்பான்ல இருக்காங்க, கலிஃபோர்னியாவுல இருக்காங்க. எத்தனை பேர நீ காயப்போடுவ?"

"எல்லாம் டிக்கெட் எடுக்காமப் போன கூட்டந்தானே."

"கப்பலுக்கு அடியில ஒட்டிக்கிட்டுப் போறவங்கள எவன் டிக்கெட் கேக்குறான்?"

இந்தக் கேள்விதான் நெரீனாவின் பிழைப்பு. ஊரிலுள்ள கடல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. தூரத்துத் துறைமுகங்களில் ஒட்டிக்கிடப்பவை எந்தக் கரையிலிருந்து புறப்பட்டவை என்று தேடுகிறாள். சீமாட்டியில் ஒரு துண்டு வெட்டினால் அது தனியாக வாழும். அப்படிப் பல ஊர்களுக்கு அனுப்பிய துண்டுகள் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன. மிச்சம் தாய் ஒருத்திதான். அவளும் போனால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாமல், தலை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து நெரீனா செய்த வேலை அத்தனையும் பாதியில் நின்றுவிடும்.

ஆகஸ்டில் நிலையத்தின் தண்ணீர் மோட்டார் படுத்துக்கொண்டது. சீமாட்டி ஒட்டிய சில்லையும், சீமாட்டிக்குத் தங்கை என்று அவள் சொல்லும் வேறொரு கடற்பீச்சி ஒட்டிய சில்லையும் ஒரே வலைப்பெட்டியில் வைத்து, எர்மெஸின் படகுக் கொட்டகைக்குக் கீழே தண்ணீரில் தொங்கவிட்டாள் நெரீனா. அந்த நேரம் பார்த்துத் த்ரியெஸ்தே நகரத்தில் ஒரு கூட்டம், போயே ஆகவேண்டும்.

"பாரு, அது போதும். கை வைக்காத."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

அவள் போன மறுநாள் எர்மெஸ் அவள் லென்ஸை வைத்துச் சீமாட்டியைப் பார்த்தான். சத்தியமாக, இத்தனை வருஷத்தில் அவன் அதை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. அரிசிக் குருணை அளவு உடல்கள், வட்டமாக உட்கார்ந்து ஒரு பூப்போல. ஒவ்வொன்றுக்கும் தனி வாய், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கழிவு வாசல். அப்படிப் பல பூக்கள் ஒரே கூழுக்குள். எல்லாவற்றுக்கும் ஓடும் ரத்தம் ஒன்று, அதன் குழாய்கள் ஓரத்தில் விரல்விரலாகக் கண்ணாடியைப் பற்றியிருந்தன. "அடேங்கப்பா, கூட்டுக் குடும்பம்!" என்று சிரித்துக்கொண்டான்.

அடுத்த நாள் காலையில் சிரிப்பு போய்விட்டது. வாய் ஒன்றுகூடத் திறக்கவில்லை. பூக்கள் மங்கிச் சுருங்கிக் கிடந்தன. தங்கை மட்டும் நன்றாக இருந்தாள்.

சிப்பிக்காரன் கைக்கு ஒன்று தெரியும்: கொத்தில் ஒன்று செத்தால் உடனே பிய்த்து எறி, இல்லாவிட்டால் மொத்தமும் நாறும். தங்கையையாவது காப்பாற்றுவோம் என்று நினைத்தான். இடுப்புக் கத்தியை எடுத்துச் சீமாட்டியைச் சுரண்டிக் கடலில் தள்ளினான். நல்ல கண்ணாடியை வீணாக்குவானேன் என்று அதைத் திரும்பப் பெட்டியிலேயே செருகினான். நெரீனாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அவள் பேருந்திலிருந்து இறங்கி நேரே கொட்டகைக்குத்தான் வந்தாள்.

"செத்துப்போச்சு நெரீனா. வெயில் ஜாஸ்தி. மத்தது கெடக்கூடாதுன்னு நான்..."

"வாயெல்லாம் மூடியிருந்துச்சா?"

"ஆமா."

"மங்கிப்போய்?"

"ஆமா, அதான்..."

"அட படுபாவி! அது சாகலடா. வாரத்துக்கு ஒருதரம் பழைய உடம்பெல்லாம் ஒண்ணா கரைஞ்சு, பக்கத்துல முளைச்சிருக்கிற குட்டிங்களுக்கு எடம் விடும். வீடு மாத்துற நாள். ஒரு நாள் பொறுத்திருந்தா திறந்திருக்கும்!"

அவள் கை நீட்டினாள். "கத்தியக் குடு." வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அழுதாள். பிறகு, பழக்கதோஷம், வெறும் கண்ணாடியை லென்ஸ் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"ஓரத்துல ரெண்டு விரல் ஒட்டியிருக்கு. உள்ள ரத்தம் ஓடுது."

"பொழைக்குமா?"

"மத்த நாள்ல சுரண்டியிருந்தா பொழைக்காது. இந்த ஒரு நாள்ல மட்டும் வெறும் ரத்தக்குழாயிலிருந்தே உடம்பு முளைக்கலாம்."

"அப்ப நான் நல்ல நாள் பாத்துத்தான்..."

"வாய மூடு."

அதன் பிறகு வீட்டில் 'உப்பை எடு, தண்ணீரைக் கொடு' தவிர வேறு பேச்சில்லை. எர்மெஸ் தினமும் விடிந்ததும் பெட்டியருகே போய்க் குந்திக்கொண்டான். முதலில் முளைத்தது கோணல், வாயே இல்லை, கரைந்துபோனது. அதிலிருந்து வந்ததும் அப்படியே. மூன்றாவதற்கு வாய் இருந்தது. அதன் இதயம் கொஞ்ச நேரம் ரத்தத்தை இந்தப் பக்கம் தள்ளும், நின்று, அந்தப் பக்கம் தள்ளும். அதைப் பார்த்த அன்று பெரிய மனிதன் விம்மி அழுதான். அடுத்த கொட்டகைக் கஸ்தோனேயிடம் இரவல் வாங்கிய மொட்டைக் கத்தியில்தான் சிப்பி வேலை நடந்தது. ஊரே கேலி செய்தது.

மூடுபனிக் காலத்தில் ஒரு சின்னப் பூ முழுசாக உட்கார்ந்திருந்தது. ஒரு காலை அதுவும் வாய் மூடி மங்கிக் கிடந்தது. கஸ்தோனே எட்டிப் பார்த்தான்.

"செத்துப்போச்சுடா. சுரண்டிப் போடு, மத்ததும் கெட்டுரும்."

"கைய எடு! சாகல. வீடு மாத்துது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. நாளைக்குப் பாப்போம்."

அன்று அவன் படகை எடுக்கவே இல்லை. மறுநாள் நெரீனா காபியோடு வந்தபோதும் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தான், கண்ணெல்லாம் சிவந்து. அவள் குனிந்து பார்த்தாள். புது வாய்கள் வரிசையாகத் திறந்திருந்தன.

காபியை அவனிடம் கொடுத்தாள். பிறகு பைக்குள் கைவிட்டு, அன்றைக்கு வாங்கிவைத்த கத்தியை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"போ, கயிறெல்லாம் நேத்திலேர்ந்து அப்படியே கிடக்கு."