பூட்டுக்காரர் வீட்டுல

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுகளா. பாதியில் எழுந்து ஓடமாட்டீங்க என்றால் ஒரு கதை தருகிறேன். பூட்டு ரிப்பேர்க்காரர் வீட்டுச் சுவரில் ஆணி அடித்தால் அவர் மனைவிக்குத் தோள் வலித்தது. கூரை ஒழுகினால் அவளுக்கு மூக்கு ஒழுகியது. வெள்ளையடித்த வாரம் பத்து வயது குறைந்து நடமாடினாள். காரணம் தெருவுக்கே தெரியும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. யார் எதைக் கேட்டாலும், “வீட்டுல கேட்டுச் சொல்றேன்” என்பார். “வீட்டுல கோபமா இருக்காங்க” என்பார். சொல்லிச் சொல்லி, அந்த ஒரு சொல் வீட்டையும் அவளையும் சேர்த்துப் பூட்டிவிட்டது.

சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் முன்சுவரில் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டார்கள். உள்ளே வெங்காயம் நறுக்கியவளின் முழங்கையில் அதே குறி எழுந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஒன்பது நாள் கெடு. அவர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார்.

“வீடு இடிஞ்சா வீட்டுல செத்துடுவாங்க சார்.”

“அப்ப வீட்டுல இருக்கறவங்கள வெளிய கூட்டிட்டு வாங்கய்யா” என்றார் அதிகாரி.

பத்தாம் நாள் காலை இயந்திரம் வந்தது. அவள் சட்டிபானைகளோடு எதிர்ப்புறம் நின்றாள். முதல் இடியில் வாசற்படி நொறுங்கியது. அவள் முழங்கால் மடங்கி விழுந்தாள்.

“இத்தனை வருஷமா சுவரைத்தானே கூப்பிட்டீங்க” என்றாள், மூச்சு வாங்க. “இப்ப என்னைக் கூப்பிடுங்க. பேர் சொல்லி.”

வாயைத் திறந்தார். வரவில்லை. மறந்தே போயிருந்தது.

“நீயே சொல்லிடேன்!”

“நானே சொன்னா அது கூப்பிடறதா?”

இயந்திரத்தின் கை நடுச்சுவருக்கு உயர்ந்தது. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். சாவி தொலைந்த பூட்டுக்குப் புதுச்சாவி ராவுகிற மாதிரி, அவர் நாக்கில் ஒவ்வோர் எழுத்தாகப் போட்டுப் பார்த்தார். பொருந்தாததைத் தள்ளினார், மறுபடி போட்டார். கை இறங்குகிற நேரத்தில் பூட்டு திரும்பியது. தெருவே அதிரக் கூப்பிட்டார்.

வீடு மடமடவென்று சரிந்தது. அவள் எழுந்து தலையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டாள். முழங்கையில் குறி இல்லை.

“அதுக்குன்னு இவ்வளவு சத்தமாவா?” என்றாள், வெட்கப்பட்டு.

சுவர் போய்விட்டது; ‘வீட்டுல’ என்ற சொல்லுக்கு மிச்சமிருந்தது அவள் மட்டும்தான். வேறு இடம் கிடைக்க மூன்று மாதமாயிற்று. சிரமமில்லை. அவள் உட்கார்ந்த இடத்தில் மழை விழவில்லை, அடுப்பு அணையவில்லை. பழைய கதவெண்ணுக்கு வந்த கடிதங்களைத் தபால்காரர் அவள் கையில் கொடுத்துப் போனார்.

உங்க வீடும் நல்லா இருக்கட்டும், கண்ணுகளா. ஒழுகாம, விரிசல் விடாம, பேர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆளோட.